ஒரே பச்சையில் தீட்டிய கானான்: பாடத்திட்டக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

ஓய்வுநாள் பாடசாலைப் பாடநூல்களைத் தயாரிக்கும் பெரியோர்களுக்கு வணக்கம்.

நடுநிலை வகுப்புப் புத்தகத்தில் இஸ்ரவேலரைக் கானான் தேசத்துக்குள் நடத்திய யோசுவாவின் வெற்றிகளுக்கு அடுத்த பாடம், பின்னாளில் அவர்களை நியாயம் விசாரித்த தெபொராளில் தொடங்குகிறது. இடையில், வேதத்தில் யோசுவா புத்தகத்தை அடுத்து வரும் நியாயாதிபதிகள் புத்தகத்தின் முதலாம் அதிகாரம் இல்லை. போதாக்குறைக்கு, கானான் தேசம் முழுவதையும் ஒரே பச்சையில் தீட்டிப் பன்னிரண்டு கோத்திரங்களுக்கும் கோடு கிழித்த படம் ஒன்று இருக்கிறது. சென்ற மாதம் அதைப் பார்த்த ஒரு மாணவன், "எருசலேம் அப்போதே நம்மவர்களுடையது என்றால் தாவீது எதற்காக அதைப் பிடிக்க வேண்டும், ஐயா?" என்று கேட்டான். படத்தை வைத்துக்கொண்டு என்னால் அவனுக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

வேதமோ இதை மறைக்கவில்லை. தேசம் முழுவதும் பிடிபட்டதாக யோசுவா 11 முடிய, இன்னும் சுதந்தரிக்க வேண்டிய தேசம் மிகுதி என்று 13 தொடங்குகிறது. இடைப்பட்ட 12ஆம் அதிகாரம் முறியடிக்கப்பட்ட 31 ராஜாக்களைப் பட்டியலிடுகிறது; அவர்களில் எருசலேம், கேசேர், தானாக், மெகிதோ, தோர் ஆகிய ஊர்களின் ராஜாக்களும் உண்டு. அதே ஐந்து ஊர்களிலும் பழைய குடிகளைத் துரத்திவிடவில்லை என்று நியாயாதிபதிகள் 1 சொல்கிறது. ராஜாவை வெட்டியது வேறு, ஊர் கைக்கு வந்தது வேறு என்பதைப் பிள்ளைகள் இங்கேதான் கற்க முடியும்.

காரணத்தையும் அந்த அதிகாரமே தருகிறது. மலைநாட்டைப் பிடித்த யூதா கோத்திரம், இருப்பு (இரும்பு) ரதங்கள் வைத்திருந்த பள்ளத்தாக்கின் குடிகளைத் துரத்த முடியாமல் நின்றது. மேடு பள்ளமான மலைச்சரிவில் ரதம் ஓடாது. யெஸ்ரயேல் போன்ற சமவெளியில் காலாட்படையால் அதன்முன் நிற்க இயலாது. அங்குள்ள பெத்செயானும் மெகிதோவும் மனாசே கோத்திரத்துக்கு எட்டாமல் போனது இதனால்தான் என்பது என் எண்ணம். தாண் கோத்திரத்தின் நிலை இன்னும் பரிதாபம்: எமோரியர் அவர்களைப் பள்ளத்தாக்கில் இறங்கவே விடாமல் மலைக்கு நெருக்க, பின்னாளில் அவர்கள் வடக்கே லாயீஸ் என்ற ஊரைத் தேடிப் போனார்கள். பலத்தவர்களான பிறகும் இஸ்ரவேலர் கானானியரைத் துரத்தாமல் பகுதி (கப்பம்) கட்டச் செய்தார்கள் என்ற வசனமோ இயலாமையைப் பற்றியதல்ல, விருப்பத்தைப் பற்றியது. அடுத்த அதிகாரத்தில், கர்த்தருடைய தூதன் கடிந்துகொண்டதைக் கேட்டு மக்கள் போகீம் என்ற இடத்தில் அழுததன் பொருள் இந்த அதிகாரத்தை வாசித்தவருக்கே விளங்கும்.

இந்த முதலாம் அதிகாரத்தை விட்டுவிட்டால், தெபொராளின் பாடத்தில் வரும் கானானியப் படைத்தலைவன் சிசெராவின் 900 இருப்பு ரதங்கள் வானத்திலிருந்து குதித்தவை போலத் தோன்றுகின்றன. கேசேரும் அப்படித்தான்: எகிப்தின் ராஜாவாகிய பார்வோன் அதைப் பிடித்துச் சுட்டெரித்து, சாலொமோனை மணந்த தன் மகளுக்குச் சீதனமாகக் கொடுக்கும்வரை அங்கே கானானியர் குடியிருந்தார்கள் என்று 1 இராஜாக்கள் 9 கூறுகிறது.

ஆகவே அடுத்த பதிப்பில் நியாயாதிபதிகள் முதலாம் அதிகாரத்துக்குத் தனிப் பாடம் ஒதுக்கி, படத்தில் மலைநாட்டையும் சமவெளியையும் வேறு வேறு நிறத்தில் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். அச்சுச் செலவு இடம் கொடாவிட்டால், எருசலேம் இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியாவது விடுங்கள். மற்றதை வகுப்பில் நாங்கள் சொல்லிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுநாள் பாடசாலை ஆசிரியர் ஒருவர்