2024 ஆண்டறிக்கை: ஜோனிங் இல்லாத கவுண்டியில் நம் வீடுகள்

தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்கள், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் குடும்பத்தினர் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா, தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா, தீபாவளி மூன்றும் நல்லபடியாக நடந்தன. உழைத்தவர்களுக்கு மேடையிலேயே நன்றி சொல்லிவிட்டோம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். எனவே இந்த அறிக்கையை, இந்த ஆண்டு நம் சங்கச் செயற்குழுவின் நேரத்தைப் பெருமளவு எடுத்துக்கொண்ட ஒரே விஷயத்துக்கு ஒதுக்குகிறேன்.

நம் குடியிருப்புக்குத் தெற்கே இருக்கும் காலி நிலத்தின் வேலியில் ஓர் அறிவிப்புப் பலகை வைக்கப்பட்டது. அங்கே ரெடிமிக்ஸ் கான்கிரீட் ஆலை அமைக்க ஒரு நிறுவனம் விண்ணப்பித்திருக்கிறது என்று அதில் இருந்தது. அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "வீடுகளுக்கும் பள்ளிக்கும் இவ்வளவு பக்கத்தில் ஆலைக்கு எப்படி அனுமதி கொடுப்பார்கள்?" நானும் அதையேதான் கேட்டேன். விசாரித்த பிறகுதான் தெரிந்தது, இந்த நிலத்தில் வீடு வரலாம், ஆலை வரக்கூடாது என்று சொல்லும் அதிகாரம் இங்கே எந்த அமைப்புக்கும் இல்லை.

நம்மில் பலருடைய வீட்டு முகவரியில் ஒரு நகரத்தின் பெயர் இருக்கிறது. ஆனால் அது அஞ்சல் முகவரி மட்டும்தான். நாம் இருப்பது நகர எல்லைக்கு வெளியே, ஃபோர்ட் பெண்ட் கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவின்) நேரடி ஆட்சியில். டெக்சஸில் ஜோனிங் செய்ய, அதாவது எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்று வகை பிரித்து விதிக்க, மாநிலச் சட்டம் நகரங்களுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. கவுண்டிகளுக்குத் தரவில்லை. 254 கவுண்டிகளில் எதுவும் மாநிலச் சட்டமன்றம் கொடுத்த அதிகாரத்தைத் தாண்டி ஒன்றும் செய்ய முடியாது. பாட்ரே தீவு, அமிஸ்டாட் ஏரிப் பகுதி போன்ற சில இடங்களுக்கு மட்டும் தனிச் சட்டம் இயற்றி விதிவிலக்கு கொடுத்திருக்கிறார்கள்.

"பக்கத்தில் ஹூஸ்டனிலேயே ஜோனிங் இல்லையே, அது வளரவில்லையா?" என்று சில உறுப்பினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஹூஸ்டன் மக்கள் 1948, 1962, 1993 என மூன்று முறை வாக்கெடுப்பில் ஜோனிங்கை நிராகரித்தார்கள். ஆனால் அந்த நகராட்சி மனை அளவு, கட்டடம், வாகன நிறுத்தம் என்று பல விதிகளை வைத்திருக்கிறது. குடியிருப்புகளின் பத்திரக் கட்டுப்பாடுகளை, அதாவது வீட்டுப் பத்திரத்தோடு வரும் விதிகளை, யாராவது மீறினால் நகராட்சி வழக்கறிஞரே வழக்குப் போடுகிறார். அந்த அளவுக்குக் கருவிகள் கவுண்டியின் கையில் இல்லை.

ஜோனிங் இல்லாததால் நமக்குக் கிடைத்த நன்மையையும் சொல்ல வேண்டும். இந்தக் கவுண்டியின் மக்கள்தொகை 2000-இல் 3,54,452. 2010-இல் 5,85,375. 2020-இல் 8,22,779. இருபது ஆண்டுகளில் இரண்டு மடங்குக்கும் மேல் வளர்ந்திருக்கிறது. நெல்லும் பருத்தியும் விளைந்த நிலத்தை வீட்டுமனையாக்க, வகை மாற்றக் கோரி ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டியிருக்கவில்லை. வீடுகள் வேகமாக வந்தன. நம் உறுப்பினர்களில் பலர் தங்கள் முதல் வீட்டை இங்கே வாங்க முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 1926-இல் யூக்ளிட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஜோனிங்கை ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு நாடு முழுக்கப் பரவிய அந்த விதிகளைப் பல ஊர்கள் சிறிய வீடுகளையும் அடுக்குமாடிகளையும், அவற்றில் குடிவரக்கூடிய ஏழைகளையும் வெளியே நிறுத்தப் பயன்படுத்தின. அதனால் "ஜோனிங் வந்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்ற நிலைப்பாட்டைச் செயற்குழு எடுக்கவில்லை.

அப்படியானால் இங்கே நிலத்தின் பயன்பாட்டை யார்தான் தீர்மானிக்கிறார்கள்? இந்த ஆண்டு நாங்கள் கற்றுக்கொண்டதில் முக்கியமானது இதற்கான பதில். திட்டம் இல்லாமல் இங்கே எதுவும் வளரவில்லை. திட்டம் வேறு கைகளில் இருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் நில மேம்பாட்டாளர் பெரிய நிலத்தை வாங்கி மனைப்பிரிவு வரைபடம் போடுகிறார். கவுண்டியின் ஆட்சிக்குழுவான கமிஷனர்ஸ் கோர்ட் அதைப் பார்த்து, சாலை அகலம், வடிகால் போன்ற விதிகளுக்கு உட்பட்டிருந்தால் ஒப்புதல் தந்தே ஆக வேண்டும். அந்த இடத்துக்கு இவ்வளவு வீடுகள் அதிகம் என்றோ, பள்ளியில் இடமில்லை என்றோ மறுக்க முடியாது. 2019-இல் வந்த சட்டத்தின்படி முழுமையான விண்ணப்பத்துக்கு 30 நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இதோடு, தண்ணீருக்கும் கழிவுநீருக்கும் 'மட்' (MUD) என்று நாம் சொல்லும் பயன்பாட்டு மாவட்டம் என்ற தனி உள்ளூர் அமைப்பு உருவாகிறது. அது கடன்பத்திரம் வெளியிட்டுக் குழாய் போடுகிறது. அந்தக் கடனைத்தான் நாம் சொத்துவரியில் ஒரு தனி வரியாகக் கட்டி வருகிறோம். குழாய் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் ஊர் வளர்கிறது. கடைசியாக, உள்ளே யார் என்ன கட்டலாம் என்பதை விற்பனைப் பத்திரத்தோடு வரும் கட்டுப்பாடுகள் சொல்கின்றன. வேலி நிறம் முதற்கொண்டு அதில் இருக்கிறது.

இவ்வளவு ஒழுங்கும் குடியிருப்பின் மதிற்சுவரோடு நின்றுவிடுகிறது. ஒரு மனைப்பிரிவுக்கும் அடுத்ததற்கும் நடுவில் யாரும் திட்டமிடாத துண்டு நிலங்கள் விடுபடுகின்றன. பத்திரக் கட்டுப்பாடு இல்லாத அந்த நிலங்களில்தான் லாரி நிறுத்துமிடம், பழைய இரும்புக் கிடங்கு, கான்கிரீட் ஆலை எல்லாம் வருகின்றன. இவை வேண்டாதவை என்று நான் சொல்லவில்லை. நம் வீடுகளுக்கு அடித்தளம் போட்ட கான்கிரீட்டும் ஏதோ ஓர் ஆலையிலிருந்துதான் வந்தது. பள்ளிக்கு எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே யோசிக்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை என்பதுதான் கவலை.

முன்பெல்லாம் ஒரு நாள் பக்கத்து நகரம் இந்தப் பகுதியை இணைத்துக்கொள்ளும், அதன் விதிகள் வந்துவிடும் என்று எதிர்பார்க்க முடிந்தது. 2019-இல் வந்த இன்னொரு சட்டம், மக்கள் சம்மதமில்லாமல் நகரங்கள் இணைத்துக்கொள்வதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. 2023 செப்டம்பர் முதல், நகரின் புற அதிகார எல்லையிலிருந்தும், அதாவது நகருக்கு வெளியே அதன் சில விதிகள் செல்லும் பகுதியிலிருந்தும், நில உரிமையாளர்கள் மனு கொடுத்து விலகிக்கொள்ளலாம். இந்தச் சட்டங்கள் சரியா தவறா என்பதில் நம் உறுப்பினர்களிடையே இரண்டு கருத்து உண்டு. எப்படியானாலும், நகரம் வந்து நம் பிரச்சினையைத் தீர்க்கும் என்று இனிக் காத்திருக்க முடியாது.

இதில் வெள்ளத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2017-இல் ஹார்வி புயலின்போது பார்க்கர் நீர்த்தேக்கத்துக்குப் பின்னால் இருந்த குடியிருப்புகளில் தண்ணீர் ஏறி நின்றதை நம்மில் பலர் கண்ணால் பார்த்தோம். அடிக்ஸ், பார்க்கர் இரண்டும் ஹூஸ்டன் நகரைக் காக்க 1940-களில் ராணுவப் பொறியாளர் படை கட்டியவை. மழை இல்லாத நாளில் உள்ளே வறண்ட நிலம்தான். பெருமழையில் தேக்கம் விரியக்கூடிய எல்லை முழுவதையும் அரசு கையகப்படுத்தவில்லை. மீதி தனியார் நிலமாகவே இருந்தது. தனியார் நிலத்தில் வீடு கட்டக்கூடாது என்று சொல்ல யாருக்கும் அதிகாரம் இல்லாததால் அங்கே ஆயிரக்கணக்கில் வீடுகள் வந்தன. 1990-களில் நம் கவுண்டி தன்னால் முடிந்த ஒன்றைச் செய்தது. இந்த இடம் நீர்த்தேக்கத்தை ஒட்டியது, நீண்ட நாள் நீரில் மூழ்கலாம் என்று ஒரு குறிப்பை மனைப்பிரிவு வரைபடங்களில் சேர்த்தது. வீடு வாங்கும்போது வரைபடத்தை யார் விரித்துப் படிக்கிறார்கள்? மூழ்கிய பிறகுதான் அந்தக் குறிப்பு பலருக்குத் தெரியவந்தது. 2019 டிசம்பரில் மத்திய உரிமைக் கோரிக்கை நீதிமன்றம், அணைக்கு மேற்புறம் மூழ்கிய வீடுகளுக்கு மத்திய அரசே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. ஜோனிங் இருந்திருந்தால் அத்தனை வீடுகளும் தப்பியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஜோனிங் உள்ள ஊர்களும் ஆற்றங்கரையில் கட்ட விட்டிருக்கின்றன. ஆனால் ஓர் அரசு அமைப்புக்கு ஆபத்து தெரிந்தும், அதை ஒரு வரியில் எழுதி வைப்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் போனது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது.

வெள்ள விஷயத்தில் கவுண்டிகளுக்கு மற்றவற்றைவிட அதிக அதிகாரம் உண்டு. தரைமட்ட உயரம், மழைநீர்த் தேக்கக் குளம் ஆகியவற்றை விதிக்கலாம். 2018-இல் மத்திய அரசின் வானிலை, கடல் ஆய்வு அமைப்பான நோவா வெளியிட்ட புதிய மழை அளவுகளின்படி, ஹூஸ்டன் பகுதியில் நூறாண்டு மழை (எந்த ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள பெருமழை) என்பது ஒரு நாளில் 13 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாக உயர்ந்திருக்கிறது. பழைய கணக்கில் கட்டிய வீட்டில் இருப்பவர்கள் தங்கள் வெள்ளக் காப்பீட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

தொழிற்சாலைக்கும் வீட்டுக்கும் இடையே தூரம் ஏன் வேண்டும் என்பதற்கு, செயற்குழுவில் டெக்சஸிலேயே இருக்கும் வெஸ்ட் என்ற சிற்றூரின் கதையைப் படித்தோம். 1960-களின் தொடக்கத்தில் ஊருக்கு வெளியே ஓர் உரக்கிடங்கு வந்தது. பிறகு பள்ளி, முதியோர் பராமரிப்பு இல்லம், அடுக்குமாடி என்று ஊர் அதை நோக்கி வளர்ந்தது. 2013 ஏப்ரல் 17 அன்று அங்கிருந்த அம்மோனியம் நைட்ரேட் வெடித்து 15 பேர் இறந்தார்கள். அவர்களில் 12 பேர் தீயணைக்கவும் உதவவும் போனவர்கள். பள்ளியில் அந்த நேரத்தில் குழந்தைகள் இல்லை.

இனி நம் ஆலை விவகாரம். காற்று மாசுக்கான அனுமதியை மாநிலச் சுற்றுச்சூழல் தர ஆணையம் தருகிறது. ஆலையிலிருந்து 440 கஜத்துக்குள், அதாவது கால் மைலுக்குள், நிரந்தரமாக வசிப்பவர்கள்தான் சட்டபூர்வ விசாரணை கேட்கலாம். மற்றவர்கள் கருத்து மட்டும் அனுப்பலாம். நம் உறுப்பினர் ஒருவர் அளந்து பார்த்து, எந்தெந்த வீடுகள் அந்த வட்டத்துக்குள் வருகின்றன என்று பட்டியல் தயாரித்தார். தமிழர் வீடு, வேறு வீடு என்று பார்க்காமல் கதவைத் தட்டினோம். வியட்நாமியக் குடும்பங்களும் நைஜீரியக் குடும்பங்களும் நம்மோடு சேர்ந்து கையெழுத்திட்டன. பக்கத்துத் தெருக்காரர்களை எனக்கே அப்போதுதான் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தது.

பொதுக்கூட்டத்தில் பேசியவர்கள் பெரும்பாலும் இடத்தைப் பற்றியே பேசினார்கள். பள்ளிப் பேருந்து வரும் சாலையில் லாரிகள் வரும், சத்தம் வரும் என்றார்கள். ஆணையத்தின் அதிகாரத்துக்குள் இவை எதுவும் வராது. இடத்தேர்வு, போக்குவரத்து, இரைச்சல் மூன்றையும் அது கணக்கில் எடுக்க முடியாது. தூசி வரம்புக்குள் இருக்குமா என்பது மட்டும்தான் அதன் கேள்வி. ஆலை இங்கே இருக்கலாமா என்ற கேள்வியைக் கேட்க எந்த மேசையும் இல்லை. ஜோனிங் இல்லாததன் பொருள் எனக்கு அந்தக் கூட்டத்தில்தான் முழுமையாக விளங்கியது.

அதன் பிறகு நிறுவனத்தோடு நேரடியாகப் பேசினோம். விசாரணைக் கோரிக்கைகள் நிலுவையில் இருந்ததால் அவர்களும் பேச முன்வந்தார்கள். லாரி வாசலைப் பள்ளிச் சாலையிலிருந்து நெடுஞ்சாலைப் பக்கம் மாற்றவும், இரவு வேலையைக் கைவிடவும், வளாகத்துக்குள் பாதையைத் தார் போட்டு ஈரமாக வைத்திருக்கவும் எழுத்தில் ஒப்புக்கொண்டார்கள். கோரிக்கைகளைத் திரும்பப் பெற்றோம். ஆலை வருகிறது. இதை வெற்றி என்று நான் எழுத மாட்டேன். வட்டத்துக்குள் வசிக்கும், மூச்சுத்திணறல் உள்ள குழந்தை இருக்கும் ஒரு குடும்பம் இந்த உடன்பாட்டை ஏற்கவில்லை. அவர்களுடைய எதிர்ப்பு செயற்குழுப் பதிவேட்டில் இருக்கிறது, இங்கும் பதிவு செய்கிறேன்.

பத்திரக் கட்டுப்பாடுகள் பற்றி ஒரு வார்த்தை. நம் சங்கம் வேறு, வீட்டு உரிமையாளர் சங்கம் வேறு. இருந்தாலும் நாம் அங்கும் உறுப்பினர்கள். கட்டுப்பாடுகளைத் திருத்த, மாநிலச் சட்டப்படி பொதுவாக மொத்த வாக்குகளில் 67 விழுக்காடு வேண்டும். வாடகைக்கு விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்களையும் சேர்த்தே இந்தக் கணக்கு. நம் குடியிருப்பின் பழைய பகுதிகளில் கட்டுப்பாடுகள் எப்போது காலாவதியாகின்றன என்று இரண்டு உறுப்பினர்கள் ஆவணங்களைப் பார்த்து வருகிறார்கள்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்கள் வைக்கிறோம். முதலாவது, கமிஷனர்ஸ் கோர்ட்டின் கூட்ட நிரலையும் மனைப்பிரிவு விண்ணப்பங்களையும் படித்துச் சொல்ல ஒரு நிரந்தரக் குழு. நிரல் கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்புதான் வெளியாகும் என்பதால் குறைந்தது நான்கு பேர் மாறி மாறிப் பார்க்க வேண்டியிருக்கும். இரண்டாவது, மாநிலச் சட்டமன்றம் 2025 ஜனவரியில் 140 நாள் கூட்டத்தொடருக்குக் கூடுகிறது. வேகமாக வளரும் கவுண்டிகளுக்கு முழு ஜோனிங் வேண்டாம், கனரகத் தொழிலுக்கும் வீடு, பள்ளி, மருத்துவமனைக்கும் இடையே குறைந்தபட்சத் தூரம் விதிக்கும் அதிகாரம் மட்டும் கொடுங்கள் என்று நம் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் பெயரில் கடிதம் எழுதுவது. நிலம் வைத்திருக்கும் சில உறுப்பினர்கள் இரண்டாவது தீர்மானத்தை எதிர்க்கிறார்கள். அவர்களுக்குப் பேச நேரம் ஒதுக்கிய பிறகே வாக்கெடுப்பு நடக்கும்.

கடிதத்தின் வரைவு நுழைவாயில் மேசையில் இருக்கிறது. குழுவில் சேர விரும்புபவர்கள் அங்கேயே பெயர் எழுதலாம்.

இப்படிக்கு,
செயலாளர்