உழவர் சந்தைக்குள் ஊறுகாய்க்கும் இடம் வேண்டும்

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் வேளாண் விற்பனைத் துறை அலுவலர்களுக்கு,

வணக்கம். பல ஆண்டுகளாக உழவர் சந்தைக் காய்கறியிலேயே சமைத்துவரும் குடும்பத்துப் பெண் என்ற உரிமையில் இம்மடலை எழுதுகிறேன். விளைவித்தவரே இடைத்தரகர் இன்றி விற்க வேண்டும் என்ற நோக்கத்தோடு 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. காயிலும் கீரையிலும் அந்த நோக்கம் இன்றும் நிறைவேறுகிறது. ஆனால், அதே தோட்டத்து மாங்காய் ஊறுகாயாகிவிட்டால் அதற்குச் சந்தைக்குள் இடம் இல்லாமல் போவதுதான் என் வருத்தம்.

நான் வாடிக்கையாகப் போகும் சந்தையில் ஒருவர், உள்ளே விற்பதற்கு நீங்கள் வழங்கும் உழவர் அட்டையோடு, கத்தரியும் கொத்தவரையும் விற்க, அவருடைய மனைவி வாசலுக்கு வெளியே சாக்கு விரித்து, வீட்டில் போட்ட மாங்காய் ஊறுகாயையும் தக்காளித் தொக்கையும் கொட்டை எடுத்த புளியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வாங்க வருபவர்களிடம் ஜாடியைத் திறந்து, துண்டுகளுக்கு மேல் ஒரு விரற்கடை எண்ணெய் நிற்பதைக் காட்டுவார். "எண்ணெய் எறங்குச்சுன்னா பூஞ்சை புடிச்சிரும்மா" என்பார். உப்பு காயின் நீரை இழுத்துவிட, எண்ணெய் காற்றை மறிக்க, ஓராண்டு கெடாமல் நிற்கும் அந்தக் கைப்பக்குவத்தைத் தெருப்புழுதியில் உட்கார வைத்திருக்கிறோம். கோடை மழையொன்றில் அவருடைய சாக்கும் புளியும் ஒருசேர நனைந்ததைக் கண்ட அன்றுதான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

பாலக்கோடு, இராயக்கோட்டைப் பக்கத்தில் தக்காளி வரத்து பெருகி விலை சரியும்போது, பறிகூலிக்கே கட்டாமல் பழத்தைச் செடியிலேயே விட்டுவிடுவதை நீங்கள் அறிவீர்கள். பெங்களூரா ரக மாங்காய் வைத்திருப்பவரும், பருவம் உச்சத்தில் இருக்கும்போது, மாம்பழக் கூழ் ஆலை சொல்லும் விலைக்குத் தலையாட்டத்தான் வேண்டியிருக்கிறது. பறித்ததை அன்றே தள்ளியாக வேண்டும் என்ற நெருக்கடிதான் அவர்களுடைய பலவீனம். தொக்கும் வற்றலும் ஊறுகாயும், முழு விளைச்சலுக்கும் இல்லாவிட்டாலும் ஒரு பங்குக்காவது, அந்த நெருக்கடியைத் தளர்த்தும்.

ஆகவே, உழவர் அட்டையில் பயிர்களோடு, அப்பயிர்களிலிருந்து வீட்டில் செய்த பண்டங்களையும் சேர்த்து, ஒவ்வொரு சந்தையிலும் நான்கைந்து இடங்களையாவது அவற்றுக்கென ஒதுக்குமாறு வேண்டுகிறேன். வெளியில் மொத்தமாக வாங்கி வந்து வீட்டுப் பண்டம் என்று விற்பவர்கள் நுழைந்துவிடுவார்கள் என்ற அச்சம் நியாயமானதே. ஆயினும், நிலத்தைப் பார்த்து அட்டை வழங்கும் நீங்கள், எத்தனை மாமரம், எத்தனை புளியமரம் என்பதையும் அறிந்தவர்கள் அல்லவா? உணவுப் பாதுகாப்பைப் பொறுத்தவரை, சிறு தயாரிப்பாளர்களுக்குப் பெரிய உரிமம் தேவையில்லை, எளிய பதிவே போதும் என்று விதியே இருக்கிறது. அந்தப் பதிவைச் சந்தை வளாகத்திலேயே ஒரு முகாம் நடத்திச் செய்துகொடுத்து, செய்த தேதியையும் சேர்மானங்களையும் எழுதி ஒட்டச் சொன்னால், எங்களைப் போல வாங்குபவர்களுக்கும் நம்பிக்கை வரும். விலையை மட்டும் செய்தவரிடமே விட்டுவிடுங்கள். ஒரு வீட்டு ஊறுகாயைப் போல இன்னொரு வீட்டு ஊறுகாய் இருப்பதில்லை.

சித்திரையில் மாங்காய் வரத்து கூடுவதற்குள் இதற்கான ஆணை வந்துவிட்டால், இவ்வாண்டு ஊறுகாய் ஜாடிகளைக் கூரையின் கீழ் வைத்து விற்க முடியும்.

இப்படிக்கு,
உழவர் சந்தை வாடிக்கையாளர் ஒருவர்,
கிருஷ்ணகிரி.