மாத்திரைக்கு மட்டும் வருகிறவரை அந்த வரிசையிலிருந்து விடுவியுங்கள்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும், மாநில மனநல ஆணையத்தின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் ஏன் இத்தனை காத்திருப்பு என்று கேட்டால், டாக்டர் போதவில்லை என்பதே எப்போதும் கிடைக்கும் பதில். உண்மைதான். ஆனால் இருக்கிற டாக்டரின் நேரம் எங்கே போகிறது என்று வரிசையில் நின்று பாருங்கள். நிற்பவர்களில் பெரும்பாலோர் பழைய நோயாளிகள். அதே மாத்திரை, அதே அளவு. ஓரம் சுருண்ட சிகிச்சை நோட்டை நீட்டுகிறார்கள்; "தூக்கம் வருதா, சாப்பிடுறாரா?" என்று கேட்டுவிட்டு, போன முறை எழுதியதையே டாக்டர் மறுபடி எழுதுகிறார். பிறகு மருந்தகத்தில் இன்னொரு வரிசை. கூட வந்தவருக்கு அன்றைய கூலி போச்சு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓ.பி. 8 மணி முதல் 12 மணி வரை என்றால் 240 நிமிடம். 80 பேர் வந்தால் ஆளுக்கு 3 நிமிடம். முதல்முறை வருகிறவருக்கு அரை மணி நேரமாவது வேண்டும். எப்போது தொடங்கியது, குடிப்பழக்கம் உண்டா, தைராய்டு போன்ற உடல் கோளாறு பின்னால் இருக்கிறதா, சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா... இதையெல்லாம் அடுத்த ஆள் முதுகில் இடித்துக்கொண்டு நிற்கும்போது யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அந்த 80 பேரில் மாத்திரைக்காக மட்டும் வந்தவர்கள் 60 பேர் என்று வையுங்கள். அவர்களை வேறு வழியில் அனுப்பினால், மீதிப் பேருக்கு ஆளுக்கு 12 நிமிடம் கிடைத்துவிடும்.

வட்ட மருத்துவமனைகளில் நிலைமை இன்னும் கடினம். மாவட்ட மனநலத் திட்டத்தின் டாக்டர் குறித்த கிழமையில்தான் வருவார். அந்த நாள் அரசு விடுமுறையில் விழுந்தாலோ, அவர் முகாமுக்கோ கோர்ட்டுக்கோ போயிருந்தாலோ அடுத்த முறைதான். வீட்டில் இருப்பதோ எண்ணிக் கொடுத்த மாத்திரை.

அந்த இடைவெளி என்ன செய்யும் என்பதற்குக் குளோசபைன் ஒன்றே போதும். மற்ற மருந்துகளுக்குக் கட்டுப்படாத மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோய்க்குக் கொடுக்கப்படுவது. 12.5 மி.கி.யில் தொடங்கி, வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி 300 மி.கி. அளவுக்குக் கொண்டுபோக வேண்டும். வெள்ளையணுக்கள் குறைகின்றனவா என்று பார்க்க முதல் 18 வாரமும் வாரா வாரம் ரத்தப் பரிசோதனை. இவ்வளவு பாடுபட்டு ஏற்றிய மருந்தை 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுவிட்டால், பழைய அளவை அப்படியே கொடுக்கக் கூடாது. மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு, வலிப்பு வரலாம். மறுபடி 12.5 மி.கி.யிலிருந்துதான். ஒரு விடுமுறை நாளுக்காக ஒரு மனிதர் பல வாரம் பின்னால் தள்ளப்படுகிறார்.

மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் நோய்க்குத் தரும் லித்தியத்தில் வேறு சிக்கல். ரத்தத்தில் அதன் அளவு பார்க்க, கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். இரவு 9 மணிக்குப் போட்டவருக்குக் காலை 9 மணி. இதைச் சீட்டில் யாரும் எழுதித் தருவதில்லை. ஊரிலிருந்து வருகிறவர் காலை மாத்திரையையும் போட்டுக்கொண்டே பஸ் ஏறுகிறார். அளவு கூடுதலாகக் காட்டுகிறது; தேவையில்லாமல் மருந்தைக் குறைக்கிறார்கள். சீட்டில் ஒரு வரி எழுதினால் தீர்ந்துபோகும் விஷயம் இது.

நாங்கள் கேட்பது இதுதான். ஆறு மாதமாக நிலையாக இருப்பவருக்கு 2 மாத மாத்திரை கொடுங்கள். டாக்டரின் ஒரே சீட்டு 6 மாதம் செல்லட்டும். இடையில் ஆரம்ப சுகாதார நிலைய மருந்தாளுநரே வழங்கட்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வாசலிலேயே கொண்டுவந்து கொடுக்கிறது. அதே பையில் மனநல மாத்திரையும் எல்லா ஊரிலும் தவறாமல் வரட்டும். ஒரு எச்சரிக்கை: தற்கொலை எண்ணம் உள்ளவர் கையில், அளவு மீறினால் உயிருக்கே ஆபத்தான லித்தியம், அமிட்ரிப்டிலின் (மனச்சோர்வு மருந்து) போன்றவற்றை மொத்தமாகக் கொடுக்கக் கூடாது. அவர்களுக்கு வாரத்துக்கு உரியது மட்டும், வீட்டார் பொறுப்பில். இதை டாக்டர் சீட்டிலேயே குறிக்கலாம்.

நள்ளிரவில் ஒருவர் நிலைகுலைந்தால் "கீழ்ப்பாக்கம் கொண்டுபோங்க" என்று அனுப்பிவிடும் பழக்கமும் நிற்க வேண்டும். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 94-இன்படி பதிவுபெற்ற எந்த மருத்துவரும், நியமனப் பிரதிநிதி (நோயாளி சார்பில் முடிவெடுக்க நியமிக்கப்பட்டவர்) உடனிருந்தால் அவர் ஒப்புதலோடு, 72 மணி நேரம் வரை அவசர சிகிச்சை தரலாம். ஆம்புலன்ஸிலும் பாகுபாடு கூடாது என்கிறது பிரிவு 21. இரண்டையும் ஒவ்வொரு கேஷுவால்டியின் சுவரிலும் தமிழில் ஒட்டச் சொல்லுங்கள்.

கடைசியாக மருந்து இருப்பு. போன ஆண்டு செலவானதை வைத்துத்தான் இந்த ஆண்டு இண்டென்ட் (தேவைப் பட்டியல்) போடுகிறார்கள். "ஸ்டாக் இல்ல, வெளிய வாங்கிக்கங்க" என்று திருப்பி அனுப்பியவர்கள் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை. அதனால் அடுத்த ஆண்டும் அதே மருந்து குறைவாகவே வருகிறது. சமுதாய சுகாதார நிலையம் முதல் மேலே எல்லா இடத்திலும் அத்தியாவசிய மனநல மருந்துகள் எந்நேரமும் இலவசமாக இருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் பிரிவு 18 சொல்கிறது. மருந்து இல்லாமல் திருப்பி அனுப்பும் ஒவ்வொருவருக்கும் மருந்தின் பெயர், அளவு, தேதி எழுதிய சீட்டு ஒன்று தரப்பட வேண்டும். அதன் நகல் மாவட்ட மனநலத் திட்ட அலுவலருக்குப் போகட்டும். இண்டென்ட் போடும்போது அந்த நகல்களையும் எண்ணட்டும்.

இப்படிக்கு,
மனநலப் பிரிவுகளில் பணிபுரிவோரும், நோயாளிகளைப் பராமரிக்கும் குடும்பத்தாரும்