மீனாவுக்கு, மே மாத எரிகற்கள் பற்றி

மீனாவுக்கு, அம்மா எழுதுவது.

மே 6 விடியற்காலை எரிகல் படம் எடுக்கக் காவலூர்ப் பக்கம் போவதாகவும், எந்த லென்ஸ் வேண்டும் என்றும் ஒற்றை வரி அனுப்பியிருக்கிறாய். போனிலேயே சொல்லியிருப்பேன், நீ எடுத்தால்தானே. அதனால் எழுதுகிறேன், உனக்கும் உன்னோடு வருபவருக்கும் சேர்த்துத்தான்.

நீ எடுக்கப்போவது ஹாலி வால்நட்சத்திரம் உதிர்த்த தூசியை. ஹாலி 1986இல் வந்தது, இனி 2061இல்தான். ஆனால் அதன் தூசிக்குள் பூமி வருஷா வருஷம் மேயிலும் அக்டோபரிலும் புகுந்து போகிறது. அக்டோபரில் நமக்கு மழை மேகம், அதனால் மேதான் கதி. ஹாலி சூரியனை நெருங்கும்போது அதன் பனி ஆவியாகி, கூடவே துகள்களைக் கிளப்பும். முறத்தில் புடைத்த மாதிரி, நுண்ணிய தூசியைச் சூரிய ஒளி வாலாக விசிறிவிடும். மணல் பருமன் உள்ளவை பாதையோடு தங்கிவிடும். கிளம்பும்போது வேகத்தில் வினாடிக்குச் சில மீட்டர் வித்தியாசம் இருந்தால் போதும், ஒன்று முந்தும், ஒன்று பிந்தும். பல சுற்றுகளில் பாதை முழுக்கப் பரவிவிடும். ஹாலியின் இன்றைய பாதை நம்முடையதிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடி கிலோமீட்டர் தள்ளிப் போகிறது. ஆகவே உன் படத்தில் விழுவது 1986இன் தூசி அல்ல. பல நூற்றாண்டுகளுக்கு முன் உதிர்ந்து, வியாழனின் இழுப்பில் இந்தப் பக்கம் ஒதுங்கியது. நூலும் இரண்டு குண்டூசியும் வைத்து நீள்வட்டம் போட்டுச் சித்தப்பாவையே வாயடைக்க வைத்தவள் நீ, உனக்கு இது புரியும்.

உன்னிடம் இருக்கும் 24 எம்.எம். போதும். லென்ஸ் திறப்பு எஃப் 2.8, ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 3200, ஒரு படத்துக்கு 15 வினாடி, கேமரா சுருக்காமல் தரும் ரா ஃபைல். வினாடிகளைக் கூட்டாதே. எரிகல் ஒரு வினாடிக்குள் ஓடிவிடும். மீதி நேரமெல்லாம் வானம்தான் வெளுக்கும், கோடு அப்படியே மங்கலாக நிற்கும். ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, திரையில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பத்து மடங்கு பெரிதாக்கி, அது ஊசிமுனையாகும் வரை வளையத்தைத் திருப்பு. பிறகு வளையத்தில் டேப் ஒட்டு. குளிர்ந்தால் ஃபோகஸ் நகரும், பனி படியும். அரை மணிக்கொரு முறை பார்.

எரிகற்கள் கிளம்புவது போலத் தெரியும் இடம் கும்ப ராசியில், கிழக்கே. கேமராவை நேரே அங்கே வைக்காதே, அங்கே கோடுகள் குட்டையாக விழும். நாற்பது டிகிரி தள்ளி, வடகிழக்கில் உயரத் திருப்பு. அந்தக் கும்ப ராசி இடம் ஒன்றரை மணிவாக்கில்தான் உதிக்கும். உருப்படியான நேரம் மூன்று முதல் நாலரை. மணிக்கு இருபது முப்பது தெரிந்தால் நல்ல இரவு. ஹாலி பூமிக்கு எதிர்த்திசையில் சுற்றுவதால் வேகம் வினாடிக்கு 66 கிலோமீட்டர், பிரகாசமானவை போன பின்னும் சில வினாடி தடம் நிற்கும். நிலவுக்குப் பஞ்சாங்கம் பார். வளர்பிறை தசமி வரை கவலையில்லை, மூன்றுக்குள் மறைந்துவிடும். தேய்பிறைதான் பின்னிரவைக் கெடுக்கும்.

அடுத்தடுத்த படங்களில் தொடர்கிற கோடு சாட்டிலைட். எரிகல் பெரும்பாலும் ஒரே படத்தில் இருக்கும், இரண்டு முனையும் மெலிந்து, பல சமயம் பச்சை கலந்து.

தனியாகப் போகாதே. ஒருவர் கேமராவைப் பார்த்தால் இன்னொருவர் வானத்தைப் பார்க்கலாம், அதற்காகவும்தான் சொல்கிறேன். இருட்டுக்குக் கண் பழக அரை மணி ஆகும், சிவப்பு டார்ச் மட்டும் வைத்துக்கொள். காவலூர் வானாய்வுக்கூடத்துப் பக்கம் ஹெட்லைட் போட்டு நிற்காதீர்கள், அவர்கள் வேலை கெடும். ஆலங்காயம் தாண்டினால் மலைப்பாதை, பத்து மணிக்குள் ஏறிவிடுங்கள். இறங்குவது நன்றாக விடிந்த பிறகு. தூக்கக் கலக்கத்தில் நீ ஓட்டாதே, கூட வருபவர் ஓட்டட்டும்.

அத்தை உன்னைப் பற்றி இரண்டு முறை கேட்டுவிட்டாள், நன்றாக இருக்கிறாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இவ்வளவு தெரிந்த பெண் ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ளலாமா? படம் சரியாக வராவிட்டாலும் அனுப்பு, எங்கே பிசகியது என்று பார்த்துச் சொல்கிறேன். தனியாக மட்டும் போகாதே, கண்ணு. கூட வருவது யார், வண்டி யாருடையது, இந்த இரண்டுக்கு மட்டும் மே 5 மதியத்துக்குள் பதில் போடு.

அம்மா