எங்கள் மலையில் சும்மா கிடக்கும் அலைக்கற்றையைத் திறந்துவிடுங்கள்

அலைக்கற்றைக் கொள்கை வகுக்கும் ஐயா, அம்மா அனைவருக்கும்,

வணக்கம். அடுத்து வரப்போகும் செல்போன் தலைமுறையான 6ஜி பற்றி நீங்கள் சொல்வதையெல்லாம் விடாமல் படிக்கிறேன். போன சனிக்கிழமை எங்கள் மலையூர் ரேஷன் கடையில் நடந்ததையும் நீங்கள் கேட்க வேண்டும்.

கைரேகை மிஷினுக்கு சிக்னல் இல்லை. வழக்கம்போல கடைக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு மேட்டுப் பாறைக்குப் போனார், பின்னாலேயே முப்பது பேர். என் பெரியம்மாவுக்கு எழுபத்தொரு வயது, முட்டிவலி, என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். மேலே ஒரு கோடு சிக்னல் வந்தது, போனது. மூன்றாவது தடவை விரல் வைக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. அரிசி இல்லாமலே இறங்கினோம். திங்கட்கிழமை மறுபடியும் ஏறினார்.

செல்போன் சிக்னலைச் சுமக்கும் அலைக்கற்றையில் 700, 800 மெகாஹெர்ட்ஸ் அலைகள் தூரம் போகும், மரத்தையும் சுவரையும் தாண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. 700ஐ 2016 ஏலத்திலும் 2021 ஏலத்திலும் வாங்க ஆளே இல்லை, அத்தனை வருடமும் அது யாருக்கும் பயன்படாமல் கிடந்தது. விற்கும்போதும் வட்டம் வட்டமாக, அதாவது ஏறக்குறைய மாநிலம் மாநிலமாக, 20 ஆண்டுக்கு விற்கிறீர்கள். சென்னைக்காக வாங்குகிறவருக்கு எங்கள் மலையும் சேர்ந்தே போகிறது, அவர் இங்கே டவர் போடாவிட்டாலும் அவர் சம்மதம் இல்லாமல் வேறு யாரும் அந்த அலையைத் தொட முடியாது.

நான் கேட்பது ஒன்றுதான்: வாங்கியவர் பயன்படுத்தாத இடத்தில் இன்னொருவரைப் பயன்படுத்த விடுங்கள். பிரிட்டனில் 2019இலேயே இதற்கு உள்ளூர் உரிமம் வந்துவிட்டது, மூன்று வருடத்துக்கு 950 பவுண்டு. நம் 2023 தொலைத்தொடர்புச் சட்டத்திலும் காரணமில்லாமல் சும்மா கிடக்கும் அலைக்கற்றையைத் திரும்பப் பெற இடம் இருக்கிறதே?

அப்புறம் இன்னொன்று. டவரின் எல்லையோரத்தில் இருப்பவருக்கு அதே டேட்டாவை அனுப்பப் பல மடங்கு ரேடியோ வளம், அதாவது அலையும் நேரமும், செலவாகும். மொத்த வேகத்தை மட்டும் பார்த்துப் பங்கு பிரித்தால் ஓரத்து ஆள்தான் காத்திருப்பார். 6ஜியில் இந்தப் பங்கீட்டைச் செயற்கை நுண்ணறிவு பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். பார்க்கட்டும், ஆனால் கடைசி ஆளுக்குக் குறைந்தது இவ்வளவு என்று விதியில் நீங்கள்தான் எழுத வேண்டும்.

நூறு நாள் வேலைக்கு ஆப்பில் வருகைப்பதிவு, கேஸுக்கு ஓடிபி, எல்லாவற்றுக்கும் போன். சிக்னலே தராத ஊரில் சிக்னலைக் கட்டாயமாக்கினால் நாங்கள் எங்கே போவது? கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஏல விதிகளில் அந்த ஒரு வரியைச் சேருங்கள்: பயன்படுத்தாத இடத்தில் மற்றவருக்கு வழிவிட வேண்டும். சின்ன டவர் ஒன்றை நாங்களே ஆள் பிடித்துப் போட்டுக்கொள்கிறோம். தயவுசெய்து பரிசீலியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மலையூர்க்காரன்