கப்பலுக்குள் சுத்தியல் அடித்தது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் 'கிரேட் ஈஸ்டர்ன்' நீராவிக் கப்பலைப் பற்றி வந்த பேய்க் கட்டுரையைப் படித்தேன். சுவாரசியமாகத்தான் இருந்தது. ராத்திரி அதைப் படித்த என் மனைவி அன்றைக்கு விளக்கை அணைக்கவே விடவில்லை. ஆனால் எது நடந்தது, எது கட்டிவிட்ட கதை என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் போட்டுக் கிண்டிவிட்டார்கள். முப்பது வருஷம் கப்பல் பழுது பார்க்கும் வேலையில் இருந்தவன், கப்பல் அடியில் இரண்டு தகடுகளுக்கு நடுவே இருக்கும் டபுள் பாட்டம் டேங்குக்குள் முட்டி தேய ஊர்ந்தவன் என்ற முறையில் எனக்கு இதில் சொல்ல நாலு வார்த்தை இருக்கிறது.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். லண்டன் மில்வாலில் கப்பலைக் கட்டும்போது ரிவெட் (தகடுகளை இணைக்கும் ஆணி) அடிக்கிறவர் ஒருவரும் அவருடைய கையாள் பையனும் இரண்டு தகடுகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டார்களாம், வெளியே இருந்த சத்தத்தில் அவர்கள் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லையாம், அப்படியே மூடிவிட்டார்களாம். அதற்கப்புறம் நடுக்கடலில் ராத்திரி சுத்தியல் சத்தம் கேட்டு மாலுமிகள் நடுங்கினார்களாம். கப்பலை உடைத்தபோது உள்ளே எலும்புக்கூடு கிடந்ததாம்.

அந்தக் கப்பலுக்கு இரட்டைத் தோல் என்பது உண்மை. 692 அடி நீளக் கப்பல், அந்தக் காலத்தில் அதற்குப் பக்கத்தில் நிற்க வேறு கப்பல் கிடையாது. உள் தகட்டுக்கும் வெளித் தகட்டுக்கும் நடுவே 2 அடி 10 அங்குலம் இடைவெளி. மொத்தம் சுமார் 30 லட்சம் ரிவெட், எல்லாம் கையால் அடித்தது. ஒரு பையன் பழுக்கக் காய்ச்சிய ரிவெட்டை இடுக்கியில் எடுத்துக் கொடுப்பான், உள்ளே ஒருவர் கனத்த சுத்தியலை அதன் தலையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு இருப்பார், வெளியே இரண்டு பேர் மாறி மாறி அடித்து மடக்குவார்கள். அந்த இடுக்கில் புகுந்து வேலை செய்யச் சின்னப் பையன்கள்தான் தோது என்று அவர்களையும் இறக்கினார்கள். இது பேய்க்கதை இல்லை, கூலிக்கணக்கு.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு ரிவெட் அடிக்க உள்ளே ஓர் ஆள் வேண்டும். கடைசி ரிவெட்டுக்கும் வேண்டும். அப்படியென்றால் கடைசித் தகட்டை அடித்து முடித்த பிறகும் அந்த ஆள் வெளியே வர ஒரு வழி இருந்தே ஆக வேண்டும். அந்த வழிக்குப் பெயர்தான் மேன்ஹோல், அதற்கு மூடி உண்டு, திறக்கலாம். ஆளோடு சேர்த்து ரிவெட் அடித்து மூடினார்கள் என்பதை அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் யாரும் சொல்ல மாட்டார். உடைத்தபோது எலும்பு கிடைத்தது என்பதற்கும் அந்தக் காலப் பதிவு எதையும் யாரும் எடுத்துக் காட்டவில்லை. பல வருஷம் கழித்து அவர் சொன்னார், இவர் சொன்னார் என்பதுதான்.

சரி, அப்போது சத்தம்? அதை நான் பொய் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் நானே கேட்டிருக்கிறேன். எந்த ஊர், எந்த யார்டு என்பது வேண்டாம். ஒரு பழைய சரக்குக் கப்பல் ஜெட்டியில் கட்டியிருந்தது. நானும் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பியும் அடித் தொட்டிக்குள் டார்ச்சோடு படுத்துக் கிடக்கிறோம், முகத்துக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் தகடு, மூக்கு முழுக்க துரு நாற்றம். திடீரென்று டொக். கொஞ்ச நேரம் கழித்து டொக், டொக். தம்பி என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன், அவ்வளவுதான், அடுத்த நிமிஷம் அவன் கால் மட்டும் மேன்ஹோலில் தெரிந்தது. நானும் பின்னாலேயே வந்தேன், அதை ஏன் மறைக்க வேண்டும். வெளியே வந்து பார்த்தால், கப்பல் ஜெட்டியில் இடிக்காமல் இருக்கத் தொங்கவிடும் ஃபெண்டர் டயரைக் கட்டிய சங்கிலி ஒன்று அவிழ்ந்து அலைக்குத் தகுந்தபடி கப்பல் வயிற்றில் இடித்துக்கொண்டிருக்கிறது. இரும்புப் பெட்டிக்குள் இருக்கும்போது சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றே தெரியாது. நம் காதுக்குப் பக்கத்தில் யாரோ தட்டுகிற மாதிரிதான் இருக்கும்.

கிரேட் ஈஸ்டர்னிலும் இதே கதைதான் சொல்லப்படுகிறது. 1862-ல் நியூயார்க் பக்கம் மான்டாக் முனைக்கு அருகே, கடல் வரைபடத்தில் இல்லாத ஒரு பாறையில் உரசி வெளித் தகடு 83 அடி நீளத்துக்குக் கிழிந்தது. உள் தகடு தாங்கியதால் கப்பல் பிழைத்தது. பழுது பார்க்கும்போது உள்ளே சுத்தியல் சத்தம் கேட்டு வேலையாட்கள் போட்டதைப் போட்டபடி ஓடினார்களாம். தேடிப் பார்த்ததில் நீருக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்த ஓர் இரும்பு வளையம் ஆடி ஆடி இடித்தது தெரிந்ததாம். அந்தப் பகுதியைக் கட்டுரையாளர் வசதியாக விட்டுவிட்டார்.

எனக்கு உண்மையில் கோபம் வந்தது வேறு இடத்தில். இல்லாத இரண்டு பேருக்கு அரைப் பக்கம் ஒதுக்கியவர், நிஜமாகச் செத்தவர்களுக்கு ஒரு வரிகூடக் கொடுக்கவில்லை. 1857 நவம்பரில் கப்பலைத் தண்ணீரில் தள்ளப் பார்த்த முதல் நாளே சங்கிலி சுற்றும் வின்ச் எந்திரம் கைமீறிச் சுழன்று உயிர் போனது. ஒருவழியாகத் தண்ணீரைத் தொட்டது 1858 ஜனவரி 31-ல். 1859 செப்டம்பரில் வெள்ளோட்டத்தின்போது ஹேஸ்டிங்ஸ் கடலோரம் தாண்டுகையில், முன்பக்கப் புகைபோக்கியைச் சுற்றியிருந்த வெந்நீர் உறை வெடித்தது. ஒரு வால்வு திறந்திருக்க வேண்டிய நேரத்தில் மூடியிருந்தது, அவ்வளவுதான் காரணம். கீழே கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் கொதிநீராவியில் வெந்து செத்தார்கள். கப்பலை வடிவமைத்த புருனெல் அதற்குச் சில நாள் முன்பு அதே தளத்தில் மயங்கி விழுந்து படுத்த படுக்கையாக இருந்தார், வெடித்த செய்தி காதில் விழுந்து செப்டம்பர் 15-ல் அவரும் போய்விட்டார். இதைவிடவா ஒரு திகில் வேண்டும்?

இன்னொன்று, ராசியில்லாத கப்பல் என்று ஒரே போடாகப் போட்டதும் சரியில்லை. பயணிகள் கப்பலாக நஷ்டம்தான். ஆனால் 1866-ல் அட்லாண்டிக் கடலடியில் தந்திக் கம்பி போட்டு வெற்றி கண்டது இதே கப்பல்தான். அந்த நீளக் கம்பியைச் சுருட்டி வைக்க வேறு கப்பலில் இடமில்லை. 1870-ல் பம்பாயிலிருந்து ஏடனுக்குக் கம்பி போட்டதும் இதுதான். வெயிலில் கம்பிச் சுருள் சூடாகிக் கெட்டுவிடக் கூடாது என்று கப்பலுக்கு வெள்ளை பெயின்ட் அடித்திருந்தார்கள். அந்த வருஷமே லண்டனுக்கும் பம்பாய்க்கும் கடல்வழித் தந்தி ஓட ஆரம்பித்துவிட்டது. பேய் பிடித்த கப்பல் செய்கிற வேலையா இது!

கடைசியாகப் படம். கட்டுரைக்குப் போட்டிருந்த கப்பலில் பக்கவாட்டுத் துடுப்புச் சக்கரமே இல்லை. கிரேட் ஈஸ்டர்னுக்கு இரண்டு பக்கமும் 56 அடி விட்டத்தில் சக்கரம் உண்டு, பின்னால் புரொப்பெல்லரும் உண்டு, ஆறு பாய்மரம் வேறு. 1889-ல் மெர்சி ஆற்றங்கரையில் உடைக்கத் தொடங்கிய பிறகும் அந்தப் பாய்மரங்களில் ஒன்றின் நுனித்துண்டு தப்பிவிட்டது. லிவர்பூல் ஆன்ஃபீல்ட் கால்பந்து மைதானத்துக்கு வெளியே இன்றைக்கும் கொடிக்கம்பமாக நிற்கிறது. திருத்தம் போடுவதாக இருந்தால் அந்தப் படத்தையே போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் ஃபிட்டர் ஒருவர்,
ராயபுரம், சென்னை