ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகாதீர்கள்

பிரசவ வார்டில் ஆலோசனை சொல்லும் சிஸ்டர்களுக்கும் கவுன்சலர்களுக்கும்,

வணக்கம். நான் எச்.ஐ.வி.யோடு வாழ்கிறவள், ஒரு குழந்தையின் அம்மா. குழந்தை பிறந்த மறுநாள் உங்களில் ஒருவர் கட்டிலருகே வந்து, நின்றபடியே, "தாய்ப்பால் வேண்டாம், பவுடர் பால் கொடுங்க" என்றார். கையெழுத்து வாங்கிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அன்று ராத்திரி மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "ஏன் பால் கொடுக்கல?" என்றே கேட்டார்கள். என்ன பதில் சொல்வது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஊர் வாய்க்குப் பயந்து ஆள் இருக்கும்போது தாய்ப்பாலும், தனியாக இருக்கும்போது பவுடர் பாலுமாகக் கொடுத்தேன். இரண்டும் கலந்து கொடுத்தால் என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியாது.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். தாய்க்கு மருந்து கிடைக்காத காலத்தில், முதல் சில மாதங்களில் தாய்ப்பாலோடு வேறு உணவும் கலந்து கொடுத்தால், தாய்ப்பால் மட்டும் கொடுப்பதைவிடக் குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்து அதிகம் என்று 1999-லேயே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நடந்த ஆய்வு காட்டியிருக்கிறது. இப்போது எச்.ஐ.வி.யை அடக்கிவைக்கும் ஏ.ஆர்.டி. மருந்து வந்து கணக்கே மாறிவிட்டது. தாய் மருந்தை ஒழுங்காக எடுத்துக்கொண்டு பால் கொடுத்த ஒரு பெரிய ஆய்வில், ஒரு வருடத்தில் பால் வழியாகத் தொற்று வந்த குழந்தைகள் 0.6 சதவீதம்தான். பூஜ்யம் இல்லை, அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்து எடுக்கும் தாய் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பிறகு மற்ற உணவோடு குறைந்தது ஒரு வருடம் வரை கொடுக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2016 வழிகாட்டல். மருந்து எடுக்கும் தாய் இடையில் பவுடர் பால் கொடுத்துவிட்டாலும், அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை என்றும் அதில் இருக்கிறது. இதை யாராவது சொல்லியிருந்தால் எத்தனை ராத்திரி தூங்கியிருப்பேன்!

நான் ஒரு நாள்கூட மாத்திரையை விட்டதில்லை. ஆனால் "மாத்திரை போடுறீங்களா? கடைசியா வைரஸ் அளவு எப்போ பார்த்தாங்க?" என்று அந்தக் கட்டிலருகே யாரும் கேட்கவில்லை. பால் பற்றிய பேச்சு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

பவுடர் பால் தப்பு என்று நான் சொல்லவில்லை. சுத்தமான தண்ணீரும் தடையில்லாமல் பவுடரும் கிடைக்கிற வீட்டில் அது நல்ல வழிதான். பால் வழியாகத் தொற்றும் பயமே இல்லை. ஆனால் கொதித்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் கலக்க வேண்டும், கலந்த பாலை இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும், புட்டியைவிடக் கிண்ணம் கழுவ எளிது. இதையெல்லாம் ராத்திரி மூன்று மணிக்கு ஒருத்தி தனியாகச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். 2006-இல் ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவில் கனமழைக்குப் பிறகு தண்ணீர் கெட்டு, வயிற்றுப்போக்கில் ஏராளமான குழந்தைகள் இறந்தார்கள். பவுடர் பால் குடித்த குழந்தைகள்தான் அதிகம் பாதிக்கப்பட்டார்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் வாரம் திரும்ப வந்து பாருங்கள். காம்பு வெடித்தாலோ, மார்பு வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, குழந்தையின் வாயில் வெள்ளை படிந்தாலோ உடனே சொல்லச் சொல்லுங்கள். பாலைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, ஒரு மாதத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பதையும், குழந்தைக்கான மருந்தையும் பரிசோதனை நாள்களையும் எழுதிக் கொடுங்கள். என் குழந்தைக்கு ஒன்றரை வயதில் கடைசிப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தது. அதுவரை நான் எண்ணாத நாள் இல்லை.

அடுத்த முறை திரையை இழுத்துவிட்டு, நாற்காலி போட்டு உட்காருங்கள். "ஏன் பால் கொடுக்கல?" என்று கேட்பவர்களிடம் என்ன சொல்லலாம் என்று அவளோடு சேர்ந்து யோசித்துவிட்டு, அப்புறம் கையெழுத்து வாங்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்